பழுது எந்தப் பக்கம்?

பெங்களூருவிற்குத் தெற்கே, காவிரி ஆறு இரு கிளைகளாகப் பிரிந்து பாறைகளின்மீது வீழும் இடம் சிவனசமுத்திரம். அவ்வருவியின் விசையைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் திட்டம், மைசூர் அரசின் திவானாக விளங்கிய கே. சேஷாத்ரி ஐயரின் முயற்சியால் தொடங்கப்பெற்றது. 1902ஆம் ஆண்டு சூன் திங்களில் அங்கிருந்து புறப்பட்ட மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கம்பிவழியே கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. அத்தங்கவயலில் மண்ணுக்கடியில் இறங்கி உழைத்தவர்களுள் வடார்க்காட்டிலிருந்தும் அதனையடுத்த பகுதிகளிலிருந்தும் குடிபெயர்ந்த தமிழர் பெருந்தொகையினர். பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1905ஆம் ஆண்டில்தான். திட்டத்திற்கு வித்திட்ட சேஷாத்ரி ஐயர் 1901ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய சேஷாத்ரிபுரம் இன்றும் நகரின் நடுவே இருக்கிறது.

அந்நாளில் மின்சாரம் என்றாலே சுழலும் இயந்திரம் என்று பொருள். நீர் வீழ்ந்தால் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால் மின்னியற்றியும் சுழலும். பின்னர்ச் சராவதி ஆற்றின் நீர்மின் நிலையங்கள் வந்தன. ராய்ச்சூரில் நிலக்கரி எரிந்தது. கைகாவில் அணு பிளந்தது. எரிபொருள் மாறியதே தவிர, பல டன் எடையுள்ள இரும்பும் செம்பும் சுழல்வது மாறவில்லை. அச்சுழற்சியை நம்பியே மின்வழிகளைக் காக்கும் கருவிகளும் வடிவமைக்கப்பட்டன.

இன்று காட்சி வேறு. பெங்களூருவிற்கு வடக்கே, துமகூரு மாவட்டத்தின் பாவகடா வட்டத்தில், ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலத்தில் சூரிய ஒளித் தகடுகள் விரிந்து கிடக்கின்றன. திருமணி, வள்ளூர் முதலிய ஐந்து சிற்றூர்களைச் சேர்ந்த அந்நிலம் விலைக்கு வாங்கப்பட்டதன்று. வறட்சி மிகுந்த அவ்வட்டாரத்து உழவர்கள் அதனைக் குத்தகைக்கு விட்டனர். தொடக்கத்தில் ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டிற்கு 21,000 ரூபாய் குத்தகை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் முழுமையடைந்த இப்பூங்காவின் மின்னாக்கத் திறன் 2,050 மெகாவாட். தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ஆம் ஆண்டில் அமைந்த 648 மெகாவாட் நிலையத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்டது இது. இத்துணைப் பெரிய நிலையத்தில் மின்சாரம் ஆக்கும் பொருட்டுச் சுழலும் பொருள் ஒன்றுகூட இல்லை.

சூரியத் தகடு தருவது நேர்திசை மின்னோட்டம். நாட்டின் மின்வழிகளில் ஓடுவதோ மாறுதிசை மின்னோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றும் கருவிக்கு இன்வெர்ட்டர் என்று பெயர். மின்வெட்டு நேரத்தில் வீட்டு மின்விசிறியை ஓட்டும் இன்வெர்ட்டரும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். அளவில் மட்டும் பாவகடாவினது யானை. அங்கு ஆக்கப்படும் மின்சாரம் படிப்படியாக அழுத்தம் உயர்த்தப்பெற்று, 220 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் மின்வழிகளின் வாயிலாகத் தென்னிந்திய மின்கட்டமைப்பில் கலக்கிறது. இவ்விடத்தில்தான் பொறியாளர்களுக்குப் புதியதொரு சிக்கல் எழுந்தது. மின்வழியில் பழுது ஏற்பட்டால் அது எந்தப் பக்கத்தில் ஏற்பட்டது என்பதைக் கண்டறியும் பழைய முறை, இன்வெர்ட்டரின் முன்னால் தடுமாறுகிறது.

வாயிற்காவலனின் வேலை

இடி விழுதல், காற்றில் கிளை முறிந்து சாய்தல், கம்பியின்கீழ்க் கரும்புத்தோகை கொளுத்தப்படுதல், பட்டம் சிக்குதல், பீங்கான் மின்காப்பி வெடித்தல் ஆகியன மின்வழியில் பழுது ஏற்படும் வழிகளுட் சில. இவற்றால் ஒரு கம்பி மற்றொரு கம்பியோடோ நிலத்தோடோ மின்தொடர்பு கொண்டுவிடும். உடனே எல்லாத் திசைகளிலிருந்தும் மின்னோட்டம் அவ்விடத்தை நோக்கிப் பாயும். கரை உடைந்த இடத்திற்கு ஏரி நீர் முழுவதும் திரண்டு ஓடுவது போல.

அப்பழுதுற்ற வழியை நொடிப்பொழுதில் துண்டிக்க வேண்டும். துண்டிப்பது சுற்றுமுறிப்பான் என்னும் பெரிய இணைப்பான். அதற்கு ஆணையிடுவது ரிலே என்னும் கருவி. இதனைத் தமிழில் ‘உணர்த்தி’ என்று எழுதுவோர் உண்டு. எனினும் துணைமின் நிலையங்களில் பணிபுரிவோர் நாவில் வழங்குவது ரிலே என்பதே. ஒவ்வொரு மின்வழியின் இரு முனைகளிலும் ரிலேக்கள் வாயிற்காவலரைப் போல நிற்கின்றன. 400 கிலோவோல்ட் வழியில் ஏற்படும் பழுது ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கிற்குள் விலக்கப்பட வேண்டும் என்பது இந்திய மின்கட்டமைப்பின் விதி. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் காவலன் கண்டு, தெளிந்து, கதவை அடைத்துவிட வேண்டும்.

மிகுதியான மின்னோட்டத்தைக் கண்டவுடன் துண்டித்துவிட்டால் போதாதா என்னும் ஐயம் எழலாம். போதாது. ஒரு துணைமின் நிலையத்திலிருந்து வடக்கு, கிழக்கு, தெற்கு என மூன்று வழிகள் செல்வதாகக் கொள்க. வடக்கு வழியில் பழுது. அப்போது கிழக்கு வழியிலிருந்தும் தெற்கு வழியிலிருந்தும் மின்னோட்டம் நிலையத்திற்குள் பாய்ந்து, வடக்கு வழியே பழுதை நோக்கி ஓடும். ஆகவே, மூன்று வாயிற்காவலரும் ஒரே நேரத்தில் பெருவெள்ளத்தைக் காண்பர். மூவரும் கதவை அடைத்தால் நிலையமே இருளில் மூழ்கும். வடக்குக் காவலன் மட்டும் ‘பழுது என் முன்னே’ என்று அடைக்க வேண்டும். ஏனைய இருவரும் ‘பழுது என் முதுகுப்புறத்தில்’ என்று அறிந்து அமைதி காக்க வேண்டும். திசையறிவு என்பது இதுவே.

நலமாயுள்ள வழியை ரிலே தவறாகத் துண்டித்தால் விளைவது என்ன என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. 2012ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் அதிகாலை, மத்தியப் பிரதேசத்தில் பீனா, குவாலியர் ஆகிய ஊர்களை இணைக்கும் 400 கிலோவோல்ட் வழி துண்டிக்கப்பட்டது. அவ்வழியில் பழுது எதுவும் இல்லை. அளவு மீறிய சுமையையே தொலைவிலுள்ள பழுது என்று ரிலே பிழைபடக் கண்டது. அவ்வழி சுமந்த மின்சாரம் பிற வழிகளில் பாய, அவையும் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. வட இந்தியா முழுவதும் இருண்டது. மறுநாளும் அதுவே நிகழ, வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் மின்சாரம் இழந்தன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. இது திசைப்பிழையன்று, தொலைவைக் கணித்ததில் நேர்ந்த பிழை. ஆயினும் ஒரு காவலனின் தவறான பார்வை எவ்வளவு தொலைவு பரவும் என்பது அன்று விளங்கியது. அப்போது தென்மண்டலம் வடக்கோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை. ஆதலால் பெங்களூருவும் சென்னையும் விளக்கோடு இருந்தன. 2013ஆம் ஆண்டின் கடைசி நாளில் ராய்ச்சூர், சோலாப்பூர் வழியாக அவ்விணைப்பும் ஏற்பட்டுவிட்டது. இப்போது நாடு முழுவதும் ஒரே கட்டமைப்பு.

உரலும் உலக்கையும்

மாறுதிசை மின்னோட்டம் ஒரு விநாடியில் நூறு முறை தன் திசையை மாற்றிக்கொள்கிறது. முன்னும் பின்னுமாக ஓயாது அலையும் ஒன்றுக்குத் திசை ஏது? இவ்வினா நியாயமானது. விடை, மின்னோட்டத்தைத் தனியே பார்ப்பதில் இல்லை. மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் இருக்கிறது.

ஊஞ்சலைத் தள்ளுபவரையும் ஊஞ்சலையும் எண்ணிப் பார்க்கலாம். தள்ளும் கை மின்னழுத்தம். ஆடும் பலகை மின்னோட்டம். இரண்டும் அலைகின்றன. எனினும் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலப்படும். இந்தியாவில் மின்சாரத்தின் ஓர் அலை முழுமையடைய ஆகும் காலம் 20 மில்லிவிநாடி. வழக்கமான நாளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி இறங்கும். பழுது நேர்ந்தவுடன் நிலை மாறும். நெடிய கம்பியின் தூண்டல் இயல்பால், மின்னோட்டத்தின் முகடு மின்னழுத்தத்தின் முகட்டிற்கு ஏறத்தாழ 5 மில்லிவிநாடி, அதாவது கால் அலை, பிந்திவரும்.

இனி, ரிலே தன் முன்னேயுள்ள கம்பிக்குள் நுழையும் மின்னோட்டத்தையே ‘நேர்’ என்று கொள்கிறது. பழுது முதுகுப்புறத்தில் இருந்தால், அதே மின்னோட்டம் அதற்குத் தலைகீழாகத் தோன்றும். முகடு பள்ளமாகும், பள்ளம் முகடாகும். தலைகீழாதல் என்பது அரை அலை, அதாவது 10 மில்லிவிநாடி, நகர்வதற்குச் சமம். எனவே பிந்திவர வேண்டிய மின்னோட்டம் முந்திவருவதாகத் தெரியும். பிந்தினால் பழுது முன்னே. முந்தினால் பழுது பின்னே. இவ்வளவே அடிப்படை.

இதில் ஓர் இடர் உண்டு. பழுது ரிலேயின் மிக அருகில் ஏற்பட்டால் மின்னழுத்தம் அனேகமாகச் சுழியாகிவிடும். தள்ளும் கையே காணாமற்போனால் ஊஞ்சலை எதனோடு ஒப்பிடுவது? அதனால் ரிலே, பழுதுக்கு முன் மின்னழுத்தம் எந்தத் தாளத்தில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்நினைவோடு ஒப்பிடுகிறது. சுழலும் இயந்திரங்கள் உள்ள கட்டமைப்பில் இந்நினைவு நம்பத்தக்கது. பல டன் எடையுள்ள சுழலி, நூறு மில்லிவிநாடிக்குள் தன் வேகத்தை மாற்றிக்கொள்ள இயலாது. தாளம் முன்போலவே தொடரும்.

இரண்டாவது முறை இதனினும் நுட்பமானது. மின்வழியில் மூன்று கம்பிகள் உண்டு. மக்கள் மும்முனை மின்சாரம் என்று வழங்குவது இதனையே. மூன்று கம்பிகளின் அலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளியில் முகடு எட்டும். ஓர் உரலைச் சுற்றி நின்று மூன்று பெண்கள் முறைவைத்து உலக்கை போடும் காட்சியை இது ஒக்கும். முதலாமவர் குற்றி எடுக்க இரண்டாமவர் குற்றுவார். அவர் எடுக்க மூன்றாமவர் குற்றுவார். ஒருவர் கை தளர்ந்தாலும் முறை குலைந்து ஒலி மாறும்.

அவ்வாறு குலைந்த முறையை மூன்று சீரான முறைகளின் கலவையாகப் பிரித்துக் காணலாம் என்று 1918ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபார்ட்டெஸ்க்யூ என்னும் பொறியாளர் காட்டினார். ஒன்று, வலமாக வரும் வழக்கமான முறை. மற்றொன்று, அதற்கு எதிராக இடமாக வரும் முறை. மூன்றாவது, மூவரும் ஒரே நேரத்தில் உலக்கை போடும் முறை. நலமாயுள்ள வழியில் முதலாவது மட்டுமே இருக்கும். ஏதேனும் ஒரு கம்பியிலோ இரு கம்பிகளிலோ பழுது ஏற்பட்டால் எதிர்முறை தலைகாட்டும். சுழலும் இயந்திரம் தானாக எதிர்முறை மின்சாரத்தை ஆக்குவதில்லை. அதன் செப்புச் சுருள்கள் வெறும் சுருள்களாக நின்று அதற்கு வழிவிடும். எனவே எதிர்முறை அழுத்தத்திற்கும் எதிர்முறை ஓட்டத்திற்கும் இடையிலான கால வேறுபாடு மாறாத ஒன்று. பழுதின் திசை அதிலிருந்து ஐயமின்றித் தெரியும். கடந்த பல பத்தாண்டுகளாக ரிலேக்கள் பெரிதும் நம்பியிருக்கும் வழி இது.

இன்வெர்ட்டரின் இயல்பு

சுழலும் மின்னியற்றி பழுதின்போது தன் வழக்கமான அளவைப் போல ஐந்து, ஆறு மடங்கும் அதற்கு மேலும் மின்னோட்டத்தை முதற்கணத்தில் வாரி வழங்கும். செம்பும் இரும்பும் சிறிதுநேரம் வெப்பத்தைத் தாங்கும். இன்வெர்ட்டரின் உள்ளே இருப்பவையோ குறைகடத்திகள். அளவு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் அவை கண்ணிமைப்பதற்கு முன்பே கருகிவிடும். ஆகவே இன்வெர்ட்டர் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. பழுதின்போதும் அது தருவது வழக்கமான அளவில் ஒன்றேகால் மடங்கிற்கு உட்பட்டே பெரும்பாலும் அமையும். பெருவெள்ளத்தைக் கண்டு விழித்தெழப் பழகிய காவலனுக்கு, சிற்றோடையின் ஒலி கேட்பதில்லை.

அளவு குறைவது சிக்கலின் ஒரு பாதியே. மறுபாதி, காலம். இயந்திரத்தின் மின்னோட்டம் எப்போது முந்தும், எப்போது பிந்தும் என்பதை இயற்கை விதி முடிவு செய்கிறது. இன்வெர்ட்டரின் மின்னோட்டத்தை முடிவு செய்வது அதனுள் எழுதப்பட்ட நிரல். மின்னழுத்தத்தின் தாளத்தை அளந்து, அதற்கேற்ப மின்னோட்டத்தை வடித்து அனுப்புவது அதன் தொழில். அழுத்தம் திடீரெனச் சரியும்போது தாளத்தை மீண்டும் பிடிக்க அதற்குச் சில கணங்கள் தேவைப்படும். அக்கணங்களில்தான் ரிலே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது! நினைவில் வைத்த பழைய தாளமும், இன்வெர்ட்டர் புதிதாகப் போடும் தாளமும் ஒத்துப்போக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எதிர்முறையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பல இன்வெர்ட்டர்களின் நிரல், எதிர்முறை மின்னோட்டத்தை வேண்டாத மாசாகக் கருதி அறவே அடக்கிவிடும். சில, தமக்குத் தோன்றிய காலத்தில் சிறிதளவு வெளியிடும். ஒரு நிறுவனத்தின் கருவி போல மற்றொரு நிறுவனத்தின் கருவி நடந்துகொள்வதில்லை. மென்பொருளைப் புதுப்பித்தால் அதே கருவியின் நடத்தையும் மாறலாம்.

தாளத்தை அளப்பதில் இன்வெர்ட்டர் பிழை செய்யக்கூடும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று பெரிதும் பேசப்படுகிறது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், தெற்குக் கலிஃபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயின் புகையால் 500 கிலோவோல்ட் வழிகளில் பழுதுகள் ஏற்பட்டன. அவற்றுள் ஒன்றின்போது, ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் கட்டமைப்பிலிருந்து விலகியது. மின்வழியின் அதிர்வெண் உண்மையில் அவ்வளவு தாழவில்லை. பழுதால் அலையின் வடிவம் கோணியதைக் கண்ட பல இன்வெர்ட்டர்கள், அதிர்வெண்ணே சரிந்ததாகக் கணக்கிட்டு விலகிவிட்டன.

இத்தகைய விலகல்களைத் தடுக்கவே, பழுதின்போது விலகாமல் தாங்கி நிற்க வேண்டும் என்று இந்தியா உட்படப் பல நாடுகளும் சூரிய, காற்றாலை நிலையங்களுக்கு விதி வகுத்துள்ளன. விதி நல்லதே. ஆனால் தாங்கி நிற்கும் இன்வெர்ட்டர், பழுதுற்ற கம்பிக்கும் மின்சாரத்தைத் தொடர்ந்து ஊட்டும் என்பதையும் உடன் எண்ண வேண்டும்.

இரு முனைகள், இரு பிழைகள்

சூரியப் பூங்காவையும் பெரிய துணைமின் நிலையம் ஒன்றையும் இணைக்கும் வழியில், பூங்கா முனையில் ஒரு ரிலேயும் நிலைய முனையில் ஒரு ரிலேயும் இருக்கின்றன. இவ்விரண்டின் இடர்களும் ஒன்றல்ல.

பூங்கா முனைக் காவலனின் முதுகுப்புறத்தில் பழுது நேர்ந்தால் அவனுக்குத் தொல்லையில்லை. அவனைக் கடந்து பாய்வது கட்டமைப்பின் வலிய மின்னோட்டம். அதன் தாளம் இயற்கையானது. பழுது அவன் முன்னே, அதாவது அவன் காக்க வேண்டிய கம்பியிலேயே நேரும்போதுதான் அவனைக் கடப்பது இன்வெர்ட்டரின் மெலிந்த, நிரல்வழி நடக்கும் மின்னோட்டம். ‘பின்னே’ என்று அவன் தவறாகக் கருதினால் கதவு அடைபடாது. எதிர்முனை துண்டித்துவிட்ட பின்னரும் கம்பியின் ஒரு பக்கத்தில் உயிர் இருக்கும்.

நிலைய முனைக் காவலனுக்கு இது நேர்மாறு. கம்பியில் பழுது என்றால் அவன் வலிமையோடு காண்பான். நிலையத்தின் மறுபக்கத்தில், வேறொரு வழியில் பழுது ஏற்பட்டால் மட்டுமே இன்வெர்ட்டரின் மின்னோட்டம் அவனைக் கடந்து செல்லும். அதனை ‘முன்னே’ என்று கண்டு துண்டித்துவிட்டால், நலமாயுள்ள வழி வீணே வீழும். நண்பகலில் பல நூறு மெகாவாட் மின்சாரம் கட்டமைப்பிலிருந்து பிடுங்கப்படும்.

பழுது நேர்ந்த இடத்தில் மரமோ காய்ந்த மண்ணோ இடையில் நின்று மின்தடை மிகுந்திருந்தால் குழப்பம் கூடும். எதிர்முனையிலிருந்து வரும் பேரோட்டம் அத்தடையில் எழுப்பும் அழுத்தமே மேலோங்கி நிற்க, பூங்கா முனை ரிலே தன் சிற்றோட்டத்தை அதனோடு ஒப்பிட்டு மயங்கும். முரசொலிக்கு நடுவே தன் சலங்கை ஒலியைத் தேடுவது போன்றது அது.

மாற்று வழிகள்

திசையையே கேட்காமல் முடிவு செய்யும் முறை ஒன்று உண்டு. இன்று பெரிதும் நாடப்படுவதும் அதுவே. வாய்க்காலின் தலைமடையில் விட்ட நீர் கடைமடையில் வந்து சேர்கிறதா என்று அளந்தால் போதும். இடையில் கரை உடைந்ததா என்பது தெரிந்துவிடும். அதுபோலக் கம்பியின் ஒரு முனையில் நுழைந்த மின்னோட்டம் மறுமுனையில் வெளியேறுகிறதா என்று இரு ரிலேக்களும் இடைவிடாது ஒப்பிட்டுக்கொள்கின்றன. கணக்கு ஒத்தால் நலம். ஒவ்வாவிட்டால் பழுது கம்பிக்குள்ளேயே இருக்கிறது. இன்வெர்ட்டர் எந்தத் தாளத்தில் ஆடினாலும், கட்டமைப்பின் பக்கமிருந்து பாயும் பேரோட்டம் கணக்கைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு இரு முனைகளும் பேசிக்கொள்ள ஒரு வழி வேண்டும். நெடுஞ்சாலையோரத்து மின்கோபுரங்களின் உச்சியில், ஏனைய கம்பிகளுக்கு மேலே, மெல்லிய கம்பி ஒன்று தனியே செல்வதைக் காணலாம். இடியைத் தாங்கி நிலத்திற்கு அனுப்பும் கம்பி அது. இப்போது பல வழிகளில் அதன் வயிற்றுக்குள்ளேயே கண்ணாடி இழைகள் வைக்கப்படுகின்றன. அவ்விழைகளில் ஒளியாக ஓடுகிறது ரிலேக்களின் உரையாடல். 100 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு அரை மில்லிவிநாடி ஆகும். அத்தாமதத்தையும் கணக்கில் கழித்துக்கொண்டே இரு முனைகளும் ஒப்பிடுகின்றன. இழை அறுந்தாலோ இடைக்கருவி பழுதானாலோ உரையாடல் நின்றுவிடும். அப்போது காவலன் மீண்டும் தன் கண்ணையே நம்ப வேண்டும். ஆதலால் திசையறிவைக் கைவிட இயலவில்லை.

கம்பி நிலத்தைத் தொடும் வகைப் பழுதுகளுக்கு மூன்றாவது முறை, அதாவது மூன்று உலக்கைகளும் ஒன்றாக விழும் முறை, உதவுகிறது. நிலத்தில் இறங்கிய மின்னோட்டம் மண்வழியே மின்மாற்றியின் நடுமுனைக்குத் திரும்புகிறது. அவ்வழியை வகுப்பது பூங்காவின் வாயிலில் நிற்கும் மின்மாற்றியே. இன்வெர்ட்டருக்கு அதில் பங்கில்லை. ஆகவே அதன் கால வேறுபாடு நம்பத்தக்கது. மின்வழிகளில் ஏற்படும் பழுதுகளில் மிகுதியானவை ஒரு கம்பி நிலத்தோடு தொடர்பு கொள்ளும் வகையைச் சேர்ந்தவை என்பது ஆறுதல். இரு கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசும் பழுதிலோ இம்முறை வாய் திறவாது.

மின்வழியில் பழுது பிறக்கும் கணத்தில், குளத்தில் கல்லெறிந்தாற்போல அலைகள் இருபுறமும் கிளம்புகின்றன. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்லும் அவை 60 கிலோமீட்டரை ஒரு விநாடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கில் கடந்துவிடும். அவ்வலை வந்து மோதும்போது அழுத்தமும் ஓட்டமும் எதிரெதிர்க் குறியுடன் துள்ளினால் பழுது முன்னே; ஒரே குறியுடன் துள்ளினால் பின்னே. இன்வெர்ட்டரின் நிரல் விழித்துக்கொள்வதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது என்பதே இம்முறையின் அழகு. அழுத்த அலை சுழியாக இருக்கும் கணத்தில் பழுது நேர்ந்தால் மட்டும் அலை கிளம்பாது. கல் ஓசையின்றிக் குளத்தில் நழுவியது போலாகும்.

மற்றொரு வழி, இன்வெர்ட்டருக்கே ஒழுக்கம் கற்பிப்பது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.இ.இ.இ. 2800 என்னும் தரநெறி, சமனற்ற பழுதின்போது இன்வெர்ட்டர் எதிர்முறை மின்னோட்டத்தை அடக்காமல் வெளியிட வேண்டும் என்கிறது. அது மட்டுமன்று; அம்மின்னோட்டம் எதிர்முறை அழுத்தத்தைவிட 90 முதல் 100 பாகை வரை முந்தியிருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. செப்புச் சுருள் இயல்பாகச் செய்வதை, நிரல் நடித்துக் காட்ட வேண்டும் என்பது இதன் பொருள். பழைய இயந்திரத்தைப் பார்த்துப் புதிய கருவி பாடம் படிக்கிறது எனலாம். முன்னரே நிறுவப்பட்ட இன்வெர்ட்டர்கள் பல இலட்சம். அவை அனைத்தும் இப்பாடத்தைப் படித்தவை அல்ல.

அலையைப் படிப்போர்

இத்துறையின் பணிகள் பல பெங்களூருவிலேயே நடைபெறுகின்றன. 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் இங்குதான் தலைமையகத்தைக் கொண்டுள்ளது. மின்மாற்றி முதல் ரிலே வரை பல கருவிகள் அங்குச் சோதிக்கப்படுகின்றன. தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பை இரவும் பகலும் கண்காணிக்கும் தென்மண்டல மின்சுமை அனுப்புகை மையமும் இந்நகரிலேயே உள்ளது. பெரிய பழுது ஒன்று நேர்ந்தால், இரு முனை ரிலேக்களும் பதிந்துவைத்த அலைவடிவங்களைப் பொறியாளர்கள் அருகருகே விரித்துப் படிக்கின்றனர். எந்த மில்லிவிநாடியில் எந்த ரிலே என்ன கண்டது, ஏன் துண்டித்தது, அல்லது ஏன் வாளாவிருந்தது என்பன அதில் எழுதியிருக்கும். மருத்துவர் இதயத் துடிப்பின் வரைகோட்டைப் படிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

பழுதைச் சீர்செய்யக் கோபுரத்தில் ஏறும் கம்பியாளரோ, ரிலே சொன்னதை மட்டும் நம்பி ஏறுவதில்லை. இரு முனைகளிலும் வழி துண்டிக்கப்பட்டதை உறுதி செய்து, எழுத்தில் ஒப்புதல் பெறுவார். அதன்பின் மின்சாரம் இல்லை என்பதை ஆய்கருவியால் சோதிப்பார். பிறகு, தாம் வேலை செய்யும் இடத்திற்கு இருபுறமும் எர்த் ராடு என்னும் தடியால் மூன்று கம்பிகளையும் நிலத்தோடு பிணைப்பார். எந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தாலும் அவர் உடலைத் தொடாமல் மண்ணில் இறங்கிவிடும். அதற்குப் பிறகே கம்பியில் கை வைப்பார்.